ரேகை பதியாத விரல்கள்



இந்த யுகத்தின் புதிய சாதனங்களைப் பற்றிச் சிவகிரி வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசுமாறு என்னைப் பணித்த நண்பர்கள், நான் அவற்றை வானளாவப் புகழ்வேன் என்றோ, வயதானவர்களின் வழக்கப்படி காலம் கெட்டுவிட்டதென்று அங்கலாய்ப்பேன் என்றோ எதிர்பார்த்திருக்கக்கூடும். இரண்டுக்குமே எனக்கு மனமில்லை.

திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் மணியார்டருக்காக, தபால்காரர் வரும் வேளையறிந்து திண்ணையில் வந்து அமர்ந்த தாய்மார்களைக் கண்ட ஊர்கள் இவை. துக்கச் செய்தி சுமந்து வந்து நம்மை நடுங்க வைத்த தந்தியோ 2013 ஜூலையில் விடைபெற்றுக்கொண்டது. இன்று பிள்ளை அங்கே பொத்தானை அழுத்தினால், அடுத்த கணம் தாயின் கணக்கில் பணம் வந்து சேருகிறது. தேநீர்க் கடையின் சிறு பெட்டி, வந்த தொகையைத் தமிழிலேயே உரக்கச் சொல்லுகிறது. 2016 ஏப்ரலில் தொடங்கிய யூ.பி.ஐ. ஏற்பாட்டில், 2023 ஆகஸ்டு என்ற ஒரே மாதத்தில் 1,000 கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. இதே தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் அமர்ந்து நம் பிள்ளைகள் எழுதும் மென்பொருள் பல தேசங்களில் உபயோகமாகிறது. இந்தச் சௌகரியங்களை வேண்டாமென்பவர் எவரும் இந்தச் சபையில் இரார், நானும் வேண்டாமென்பவனல்லன்.

ஆனால் இதே வித்தை நம் ரேஷன் கடை வாசலில் எப்படி நடந்துகொள்ளுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரல் ரேகையைப் பதித்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. போலி அட்டைகளை ஒழிக்கும் நோக்கத்தில் குற்றம் காண்பதற்கில்லை. எனினும், நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் பீடி சுற்றியும் செங்கல் சுமந்தும் ஆயுள் முழுவதும் உழைத்துத் தேய்ந்துபோன விரல்களை அந்த யந்திரம் ஏற்க மறுக்கும்போது நிகழ்வது என்ன? அட்டையில் பெயர் இருக்கிறது. ஆள் எதிரே நிற்கிறார். கடைக்காரருக்கு அவரைப் பல வருஷங்களாகத் தெரியும். யந்திரம் மாத்திரம், இவர் அவரல்லர் என்று சாதிக்கிறது. வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் மனிதரை விட்டு யந்திரத்தை நம்பத் தொடங்குகிறார்கள். எதிரே நிற்கும் மூதாட்டியோ, தன் விரலில்தான் ஏதோ குற்றம் போலும் என்று முந்தானையில் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைக்கிறாள். தான் யார் என்பதை நிரூபிக்கும் பாரம், எளியவர் தலையில் இவ்வாறு சத்தமின்றி ஏற்றப்பட்டுவிட்டது. இதுவே என் ஆட்சேபம்.

இது கிராமத்துக் கிழவரின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. அமில வீச்சுக்கு ஆளாகி முகமும் கண்களும் சிதைந்த சிலர், அடையாளச் சரிபார்ப்புக்காகக் கண்ணைச் சிமிட்டுமாறு கருவி கேட்டபோது சிமிட்ட இயலாமல் உச்ச நீதிமன்றத்தின் படியேறினார்கள். பார்வையற்ற ஒருவரும் தம் இடர்ப்பாடுகளை முறையிட்டார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அளித்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகும் வாய்ப்பு அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் அங்கமே என்று அறுதியிட்டுக் கூறியது. சிமிட்ட இயலாதவர்க்கு வேறு வழி வேண்டுமென்றும் பணித்தது. அந்த நியாயம் ரேகை தேய்ந்த விரலுக்கும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

ஏற்பாடுகள் இல்லாமலில்லை. ரேகை பதியாவிட்டால் கருவிழியைக் கொண்டு சரிபார்க்கலாம். கடைக்கு வர இயலாத முதியவர், படிவம் கொடுத்துத் தம் சார்பில் வேறொருவரை அனுப்பலாம். இவற்றை அறிந்து எடுத்துச் சொல்லத்தான் அருகில் ஆளில்லை.

ஆள் கிடைக்கமாட்டார்களா என்றால், கிடைப்பார்கள் என்பதற்கு இலக்கிய உலகிலேயே சாட்சி இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் ஊரூராக அலைந்து ஏடு தேடிய மரபில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காக, பல தேசத்துத் தமிழர்கள் சம்பளமின்றி, தங்கள் ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எவரும் இலவசமாகப் படிக்க வைத்தார்கள். அந்த மனப்பான்மை நம் இளைஞர்களிடமும் இருக்கிறது. கைப்பேசியில் அவர்கள் செலவிடும் நேரத்தைப் பார்த்தால் அவகாசத்துக்கும் குறைவிருப்பதாகத் தோன்றவில்லை!

ஆகையால் வாசகர் வட்டத்து இளைஞர்களை நான் வேண்டுவது இதுதான். வாரத்தில் இரண்டு மாலைகள் இங்கே மேசை போட்டு அமருங்கள். பட்டா நகல் எடுக்கவும், படிவங்களை நிரப்பவும், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லவும் முதியவர்களுக்குத் துணை நில்லுங்கள். ஆனால் ரகசிய எண்ணை உங்களிடம் கூடச் சொல்லலாகாது என்பதை முதல் பாடமாக வையுங்கள். போலீஸ் வேடத்தில் வீடியோவில் தோன்றி மிரட்டுகிறானே, அந்த ‘டிஜிட்டல் கைது’ நம் சட்டத்தில் எங்கும் கிடையாது என்று சொல்லுங்கள். பணத்தை இழந்தவர் வெட்கத்தால் மறைக்காமல், அக்கணமே 1930 என்ற எண்ணை அழைக்கும்படி செய்யுங்கள். ரேகை பதியாமல் திரும்பும் ஒருவரைக் கண்டால், கூடவே கடைக்குப் போய் மாற்று வழியைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

வருகிற சனிக்கிழமையே தொடங்கலாம். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.