விமானப்படை விண்ணப்பம்: பதினொன்றாம் வகுப்பில் ஒரு முடிவு



இந்திய விமானப்படையில் விமானியாவதற்கான முயற்சி, பட்டம் பெற்றபின் தொடங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது.

மேல்நிலைக் கல்வி முடித்தோர் தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வை எழுதலாம். பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு உண்டு. விமானிப் பிரிவுக்குப் பொதுவான வயது வரம்பு 20 முதல் 24. இவ்விரு வழிகளிலும், விமானியாக விரும்புவோர் மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்றிருத்தல் வேண்டும்.

எழுத்துத் தேர்வில் வென்றோர் டேராடூன், மைசூரு, வாரணாசி முதலிய இடங்களிலுள்ள தேர்வுக் குழுக்களின் முன் அழைக்கப்படுகின்றனர். முதல் நாள் சோதனையில் தேறாதோர் அன்றே திருப்பி அனுப்பப்படுவர். விமானம் ஓட்டும் திறனை அறியும் சோதனைக்கு வாழ்நாளில் ஒரே வாய்ப்புத்தான். இறுதியில் கடுமையான மருத்துவப் பரிசோதனை.

2016ஆம் ஆண்டில் மூன்று பெண்கள் போர் விமானிகளாயினர். 2022இல் தேசியப் பாதுகாப்பு அகாதெமி பெண்களையும் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டது. ஆயினும், ‘பெண்ணுக்குக் கணிதம் எதற்கு?’ என்ற உறவினர் சொல்லுக்கு இணங்கும் கிராமத்து மாணவிக்கு, அவள் அறியாமலேயே அக்கதவு மூடிவிடுகிறது. விண்ணப்பக் கட்டணம் சில நூறு ரூபாய்தான்; அவளைத் தடுப்பது வறுமையன்று, காலத்தில் கிட்டாத செய்தியே. அச்செய்தியைப் பத்தாம் வகுப்பு முடியும் முன்பே ஒவ்வொரு பள்ளியும் அறிவித்தல் நலம்.