நாட்டு மருந்தும் ஆஸ்பத்திரி மாத்திரையும்
(செமோரில் ஆற்றிய உரை)



சித்த வைத்தியத்தை இகழ நான் வரவில்லை. சென்னையை அடுத்த தாம்பரம் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ரசகந்தி மெழுகும், அமுக்கரா சூரணமும், நெல்லிக்காய் லேகியமும் கொடுத்தார்கள். ஆயினும் கிருமியை அடக்குவது கூட்டு மாத்திரையே. 2004 ஏப்ரல் முதல் இந்திய அரசாங்கம் அதை இலவசமாக்கியது.

இரண்டையும் சேர்த்து உண்ணலாமா? டாக்டரைக் கேளாமல் கூடாது. பூண்டுச் சத்து மாத்திரை, 'சாக்குவினாவிர்' என்னும் எச்.ஐ.வி. மருந்தை இரத்தத்தில் பாதியாகக் குறைத்ததை 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். குழம்புப் பூண்டு வேறு. மங்கில் பால் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். இரத்தத்தில் மருந்து குறைந்தால் தெரியாது. கிருமியோ மருந்துக்கு அடங்காததாகிவிடும்.

ஆகவே, லேகியம் உண்பவர் டாக்டர் ஏசுவாரென்று மறைக்க வேண்டாம். சீசாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.