கிணற்றில் மிதக்கும் எண்ணெய்

(கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரப் பாடுபட்ட நகரசபைத் தலைவர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கியது இந்த ஆர்.எஸ்.புரம். இங்கே கூடித் தண்ணீரைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. லைன் வீடுகளிலும் தோட்டத்துச் சாளைகளிலும் வாழும் நம் ஜனங்களில் பலர் இன்றும் போர்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் நம்பியே காலம் தள்ளுகிறார்கள். அந்தத் தண்ணீருக்கு வரும் ஓர் அபாயத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம்.

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ம் ஆண்டில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியம் கம்பெனியின் கிடங்குக்கு மண்ணுக்கடியில் செல்லும் குழாயில் ஏற்பட்ட கசிவே காரணம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை விஷயம் சென்றது. கசிவை முதலில் கண்டவர்கள் யார்? அங்கே குடியிருந்த ஜனங்கள்தான்!

நம் பக்கம் என்ன நிலைமை? கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து இருகூர் வழியாகக் கரூர் வரை எண்ணெய்க் குழாய் போகிறது. ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் மண்ணுக்கடியில் டாங்கிகள் புதைந்திருக்கின்றன. இவை கசிகின்றன என்று நாம் சொல்லவில்லை. கசிந்தால் எப்படித் தெரியும் என்பதே நம் கேள்வி.

பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசானவை. மண்ணில் இறங்கி, நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் ஏடுபோல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் என்ற விஷம் தண்ணீரில் கரைந்து, தண்ணீர் ஓடும் திசையில் போகும். பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அவ்வளவு சிறிய அளவை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவேதான் கண்காணிப்புக் கிணறுகள் தேவை.

இக்கிணறு தண்ணீர் இறைக்கும் கிணறல்ல; பரிசோதனைக்கென்றே போடுவது. துளையிடும்போதே ஆழத்துக்கு ஆழம் மண்ணை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பிறகு குழாய் இறக்கி, துவாரமுள்ள பகுதியைச் சுற்றி மணலை நிரப்பி, அதன்மேல் பென்டோனைட் களிமண்ணால் அடைத்து, வாயைச் சிமெண்ட் பூசிப் பூட்டவேண்டும். இல்லையேல் மேலே உள்ள அழுக்கே உள்ளே இறங்கிவிடும்.

ஒரு கிணறு போதுமா? போதாது. முக்கோணமாகக் குறைந்தது மூன்று வேண்டும். மூன்றின் நீர்மட்டத்தையும் ஒரே மட்டக்குறியிலிருந்து அளந்தால்தான் தண்ணீர் எப்பக்கம் நகர்கிறது என்று தெரியும். நம் கொங்குச் சீமையிலோ அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில் ஓடுகிறது. வெடிப்பைத் தவறவிட்டால் கிணறு சுத்தமாகவே தோன்றும். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு கெட்டிருக்கும்! ஆகவே கூடுதல் கிணறுகள் வேண்டும். சுற்றிலுமுள்ள பழைய கிணறுகளையும் சோதிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழாயின் துவாரப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்கவேண்டும். முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் மிதக்கும் எண்ணெய் உள்ளே வராது. "எண்ணெய் இல்லை" என்று அறிக்கை தயாராகிவிடும்! மழைக்காலத்தில் ஏறி, கோடையில் இறங்கும் மட்டம் நம்முடையது. ஒருமுறை பார்த்து முடித்துவிடுவது பரிசோதனை ஆகாது.

கிணறு வெட்டும், தூர் வாரும் தோழர்களே! பெட்ரோல் வாடை அடிக்கும் கிணற்றில் எவர் சொன்னாலும் இறங்காதீர்கள். அந்த ஆவி ஆளை மயக்கி வீழ்த்தும். பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள். மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள். குடிப்பதை நிறுத்துங்கள், தீயணைப்பு நிலையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தகவல் கொடுங்கள்.

செலவை யார் ஏற்பது? வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது: மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும். பாழான மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் அதில் அடங்கும். நொய்யலில் சாயக்கழிவு ஓடியபோது, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே வயலை இழந்த விவசாயி பட்ட பாட்டை நாம் அறிவோம். தண்ணீர் கெட்டபின் போராடுவதைவிட, கெடும்போதே கண்டுபிடிப்பது மேல்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. எண்ணெய்க் கிடங்குகளையும் பங்க்குகளையும் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் அமைக்க வேண்டும்.

2. பரிசோதனை முடிவுகளைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டவேண்டும்.

3. கிணறு கெட்டால், சுத்தமாகும் வரை அந்த ஜனங்களுக்குக் கம்பெனி செலவில் குடிநீர் தரவேண்டும்.

4. துளையிடும் தொழிலாளருக்குப் பாதுகாப்புக் கருவிகள் கொடுக்க வேண்டும்.

ஊர் ஊராக, மில் மில்லாக இந்தக் கோரிக்கைகளை எடுத்துச் செல்லுங்கள். நாம் குடிக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை நமக்கு உண்டு!