எஞ்சின் கடைசி!

குறைந்த செலவில் பாலைவனப் பந்தய வண்டி கட்ட முடியுமா என்பது கேள்வி. முடியும் என்கிறேன். ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருப்பவன் நான்.

பினாங்கில் பாலைவனம் ஏது என்று எதிரணி நண்பர் சிரித்தார். மணல் இல்லை ஐயா, சேறு உண்டு! 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் நம் மலேசியக் காட்டில் பிறந்த பந்தயம்தானே? மெக்சிகோவில் 1967-இல் தொடங்கிய பாஹா 1000 பந்தயத்தில் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டல் காருக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அந்தச் சின்ன எஞ்சினே பாலைவனம் தாண்டுகிறது.

நம் பிள்ளைகளோ கையில் வெள்ளி கிடைத்ததும் எஞ்சினில் கொட்டுகிறார்கள். நானும் கொட்டியவன்தான். பழைய பிக்கப் வண்டி, புது எஞ்சின், நைந்துபோன இருக்கை வார். பாலிக் பூலாவ் சரிவில் வண்டி புரண்டது. பக்கத்தில் இருந்த என் தம்பிக்குத் தோள் எலும்பு முறிந்தது. எஞ்சினுக்கு ஒரு கீறலும் இல்லை!

அன்று கற்ற வரிசை இது. முதலில் சேஸிஸில் துரு, வெடிப்பு பாருங்கள். அடுத்து இரும்புக் கூண்டு, இருக்கை வார். பிறகு ஷாக் அப்சார்பர். மேடுபள்ளத்தில் ஓட ஓட அதன் எண்ணெய் சூடேறி நுரைத்தால் வண்டி துள்ளும். அப்புறம் ரேடியேட்டர். மணலில் டயர் காற்றைக் குறையுங்கள், அதற்குக் காசே வேண்டாம். எஞ்சின் கடைசி.

எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள். பிள்ளை வீடு திரும்புவதற்கான செலவில் மட்டும் வேண்டாம்.