போர்க் கைதிகளில் நம் தாத்தாக்கள் எங்கே?

(திருவண்ணாமலையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போர் அனுபவங்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். புத்தகங்களிலிருந்து தொடங்கலாம் என்றுதான் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். ஆனால் இங்கிருந்து செங்கம் போகிற சாலையில், ஒரு காலனியில் கேட்ட வாக்கியம் ஒன்று முன்னால் வந்து நிற்கிறது.

ஆய்வுக்காக அங்கே போயிருந்தேன். எண்பது வயதை நெருங்கும் ஓர் ஆயா. அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் ஜப்பான்காரர்களிடம் பிடிபட்டவர். பட்டாளத்தில் என்ன வேலை என்று கேட்டேன். "ரோடு போடறது, பாலம் கட்டறது. துப்பாக்கியும் குடுத்தாங்களாம்" என்றார். கேம்ப்பில் எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்களா என்று கேட்டேன். "கஞ்சி ஒரே அண்டாவுலதான் கண்ணு. பொணம் வுழுந்தா மட்டும் எங்க நைனாவத் தேடுவாங்களாம்."

தேடியது யார் ஆயா, ஜப்பான்காரனா? "அவன் எதுக்குத் தேடறான்? கூட இருந்தவங்கதான்."

இது ஒரு குடும்பத்தின் நினைவு. எல்லா முகாம்களும் இப்படித்தான் இருந்தன என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு, நான் அதுவரை படித்திருந்த போர் நினைவுகளை எல்லாம் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, ஃபேரர் பூங்காவில் இந்தியச் சிப்பாய்களைப் பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். 40,000 பேருக்கு மேல். ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரை நியூகினி போன்ற தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே பசியிலும் நோயிலும் அடியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அந்த நியூகினியில் உயிர் தப்பிய சிந்த் சிங் என்ற ஜமேதார், போர்க்குற்ற விசாரணையில் சாட்சியம் சொன்னார். அதனால்தான் அந்தக் கொடுமை இன்று நமக்குத் தெரிகிறது. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

முதல் உலகப் போருக்குப் போவோம். 1916 ஏப்ரல் 29 அன்று, மெசபடோமியாவில் குட் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கியரிடம் சரணடைந்தது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் ஒருவர் சிசிர் பிரசாத் சர்வாதிகாரி, வங்காள ஆம்புலன்ஸ் படையில் தொண்டராகச் சென்ற படித்த இளைஞர். நாட்குறிப்பைக் கிழித்துக் காலணிக்குள் ஒளித்து வைத்துப் பாலைவனத்தில் நடந்தார். பல ஆண்டுகள் கழித்து அது வங்காளியில் 'அபி லே பாக்தாத்' என்ற நூலாக வந்தது. அருமையான நூல்.

சிந்த் சிங் ஜமேதார், பதவியில் இருந்தவர். சர்வாதிகாரி படித்தவர். அதே முகாம்களில் இருந்த துப்புரவுப் பணியாளர், தண்ணீர் சுமந்தவர், வண்ணார், சமையல்காரர் எழுதிய நூல் எங்கே? இவர்கள் நாலைந்து பேர் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து எடுக்கப்பட்ட சுமார் 14 லட்சம் பேரில் 5.5 லட்சம் பேர் ஆயுதமில்லாத பணியாளர்கள். ராணுவம் இவர்களுக்கு வைத்த பெயர் 'ஃபாலோயர்', பின்னால் வருபவன். பின்னால் வந்தாலும் குண்டு படும், பிடிபட்டால் சிறைதான். ஆனால் சிப்பாய்க்குக் கிடைத்த சம்பளமும் ஓய்வூதியமும் மரியாதையும் இவர்களுக்கு இல்லை. இதில் கீழே கிடந்த வேலைகள் யார் தலையில் விழுந்தன என்று இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்களுக்கு எழுத்து தெரியாது, அதனால் எழுதவில்லை என்பார்கள். எழுத்து ஏன் தெரியவில்லை? 1780இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படையிலும், பழைய மதராஸ் ராணுவத்திலும் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பம்பாய் ராணுவத்தில் மகர்கள் இருந்தார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியர். ஊர்ப் பள்ளிக்கூடம் நம்மை வாசலில் நிறுத்திய காலத்தில், பட்டாளம்தான் தீண்டப்படாதவர் பலருக்கு எழுத்தைக் கொடுத்தது. அம்பேத்கரே இதை வலியுறுத்தியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குணம் கொண்ட இனம்' என்ற கொள்கையைக் கொண்டுவந்து, மகர்களுக்கு ராணுவக் கதவை அடைத்தார்கள், மதராஸ் படைகளைக் குறைத்தார்கள். அடைபட்டது வேலை வாய்ப்பு மட்டுமா? பள்ளிக்கூடமும் அடைபட்டது. பிறகு போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் திரும்பக் கூப்பிட்டார்கள். 1917இல் மகர்களுக்கென ஒரு படை திரட்டினார்கள். போர் முடிந்ததும் கலைத்தார்கள். 1943இல் சமார் ரெஜிமென்ட். 1946இல் அதையும் கலைத்தார்கள். எரிகிற வீட்டை அணைக்கக் கூப்பிட்டு, அணைந்ததும் வாசலோடு அனுப்புகிற பழக்கம் நமக்குப் புதிதல்ல.

எழுத்தில்லாதவர் குரல் பதிவாகவே முடியாதா? முதல் உலகப் போரின்போது, பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃபில் இருந்த கைதி முகாமில், ஜெர்மன் அறிஞர்கள் இந்தியக் கைதிகளைக் குழாய்க்கு முன்னால் நிறுத்திப் பேச வைத்து இசைத்தட்டில் பதிந்தார்கள். 1916 டிசம்பரில் மால் சிங் என்ற பஞ்சாபி, சொந்த நாட்டில் வெண்ணெய் தின்ற கதையையும், இங்கேயே கிடந்தால் செத்துப்போவேன் என்ற அச்சத்தையும் சொல்கிறார். அறிஞர்களுக்கு வேண்டியிருந்தது அவர் மொழியின் ஓசை. அவர் வயிற்றைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை. ஆனாலும் ஒரு கருவி எதிரே இருந்ததால், நூறு ஆண்டு கழித்தும் நாம் அவர் பசியைக் கேட்கிறோம்.

இப்போது அந்தக் கருவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்திய தேசிய ராணுவத்தில் பொதுச் சமையல் இருந்தது, சாதி பார்க்காமல் உண்டார்கள் என்பது உண்மை. பெருமைக்குரியதும்கூட. சமபந்தியைப் பற்றி எழுதுகிறவர்கள், அன்று எச்சில் இலை எடுத்தது யார் என்று எழுதுவதில்லை. நானும் ஆயாவிடம் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டேன். பிணக்குழியைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதைச் சொன்னது அவர். குழி வெட்டியது யார், கக்கூஸ் கழுவியது யார், ஊருக்குத் திரும்பிய பிறகு என்ன நடந்தது? இவற்றைக் கேளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு ஆயாவின் பதில் இது. அவர் அப்பா மூன்றரை வருடம் கைதியாக இருந்து திரும்பினார். பட்டாளத்து பூட்ஸோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். ஊர்த்தெரு முனையில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு காலனிக்கு நடந்தார். "யாரும் கழட்டச் சொல்லல. அவரே கழட்டிட்டாரு" என்றார் ஆயா. அதைச் சொல்லும்போதுதான் அழுதார். முகாமைப் பற்றிச் சொல்லும்போது அழவில்லை.

பல ஊர்களில் முதல் உலகப் போர்க் கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில், இறந்தவர்கள் பலரின் தந்தை பெயர், கிராமம், மாவட்டம் வரை தேடலாம். 1989 வரை நம் மாவட்டம் வட ஆற்காட்டில் இருந்தது. அந்தப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். உயிரோடு திரும்பியவர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில்தான் மெடலும் டிஸ்சார்ஜ் புத்தகமும் கிடக்கின்றன.

அவர்களை நேரில் பார்த்தவர்கள் இப்போது எண்பது வயதில் இருக்கிறார்கள். இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். நான் ஆய்வேட்டை இன்னும் முடிக்கவில்லை. அது காத்திருக்கும், ஆயாக்கள் காத்திருக்க மாட்டார்கள்.