முதல் மூன்று வாரம்

நம்ம திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கருமுத்து தியாகராசன் செட்டியார் 1957-இல் தொடங்கியது. அதுபோன்ற பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வகுத்திருக்கிறது.

"பாடம்தான் நடக்கலையே" என்று பிள்ளைகள் சிலர் அந்த நாட்களில் ஊரிலேயே இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆசிரியர்கள், நூலகம், சீனியர்கள் எல்லாம் பழக்கமாவது அப்போதுதான்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசை, முடுக்கம், திசைவேகம் எல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். வகுப்பில் அதையே ஆங்கிலத்தில் கேட்கும்போதுதான் மிரண்டு போகிறீர்கள். நம் பாடநூல் கழகத்தின் பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து, தினமும் ஒரு பாடப்பகுதி படியுங்கள். நீங்கள் ஏற்கெனவே படித்த கணக்கு, படித்த படம். பயம் தானாகக் குறையும்.

பெற்றோருக்கும் ஒரு செய்தி. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.