வீட்டு வரி ரசீதில் ஒரு நூலகம்

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் கொடை இது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டமும் அதுதான். அதற்காக ஓயாமல் பாடுபட்டவர் நம் சீர்காழிக்காரர், எஸ்.ஆர்.ரங்கநாதன்.

ஆனால் சின்ன ஊரில் வீடுகள் குறைவு, வரியும் குறைவு. அங்குள்ள நூலகத்தில் மழைக்கு ஒழுகும் கூரை, கால் ஆடும் பெஞ்சு, அட்டை போன நாவல்கள். பார்க்கவே மனம் வலிக்கும். இப்படிப்பட்ட நூலகங்களுக்கும் உதவ, கொல்கத்தாவில் 1972 முதல் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை இயங்குகிறது. மாநில அரசு ஒரு பங்கு போட்டால் அதுவும் தன் பங்கைப் போடும். புத்தகம், அலமாரி, கட்டடம் எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. கேட்க ஆள்தான் வேண்டும்.

வாசகர் வட்டம் கூடி, இந்த உதவியைக் கேட்டு ஒரு தீர்மானம் எழுதுங்கள். மாவட்ட நூலக அலுவலரிடம் கொடுங்கள். கையோடு 1000 ரூபாய் கட்டி உங்கள் ஊர் நூலகத்துக்குப் புரவலராகவும் சேர்ந்துவிடுங்கள்.